மூன்றடி ஆழத்து மண்

அத்தியாயம் 7

"காணாமப் போனவங்களோட அங்க அடையாளம் சொல்லும்மா. உயரம், நிறம், கடைசியா என்ன டிரஸ்ல இருந்தாங்க?"

ஹெர்பர்ட் நோட்டுப் புத்தகத்தைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். முப்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் துக்கம் என்றாலும் வாசலில் நின்று ஒரு வார்த்தை வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போகிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

கிருத்திகா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "உயரம் கண்ணுக்குத் தெரியாது சார். நிறம் சாம்பல். டிரஸ், நீல மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய். சுண்டுவிரல்ல பாதி இருக்கும்."

"எத்தினி பேரு?"

"ஒரு குழாய்க்குள்ளயா? கோடிக்கணக்குல."

"கோடிக்கணக்கானோர் மாயம்னு எழுதிக்கறேன். ஸ்டேஷன்ல குடுத்தா இன்ஸ்பெக்டர் லீவு போட்டுடுவாரு."

வித்யாலட்சுமி இருவரையும் பேசவிட்டுவிட்டு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்திபெலேயில், ஓசூர் நெடுஞ்சாலையின் லாரி இரைச்சல் எட்டாத ஒரு சந்துக்குள் இருந்தது அந்தச் சின்ன மண் ஆய்வுக்கூடம். டாக்டர் சுப்ரமணியன் அங்கே தனி ராஜா. மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் எது எதற்குச் சொந்தம், எது எந்தக் குடும்பம் என்று பிரித்து வைப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். ஏழு வாரத்துக்கு முன்னால், இதே நாற்காலியில், மாரடைப்பு. கடைசியாக அவர் கண்டுபிடித்த, உலகத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்காத ஒரு இனம் இருபத்து நான்கு குழாய்களில் உறைந்து கிடந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் ஃப்ரீஸரைத் திறந்தபோது அந்த இருபத்து நான்கையும் காணவில்லை. மற்ற எண்ணூறு குழாய்களும் வரிசை கலையாமல் இருந்தன. விலை உயர்ந்த மைக்ராஸ்கோப்பை யாரும் தொடவில்லை.

கிருத்திகா அவருடைய கடைசி மாணவி. ஐந்து வருட உழைப்பு. இன்னும் மூன்று வாரத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

"அதோட ஜீன் எல்லாத்தையும் படிச்சு கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே," என்றாள் வித்யா. "அது போதாதா?"

"போதாது மேடம். புது இனம்னு ஒத்துக்கணும்னா உயிரோட காட்டணும். ரெண்டு வேற வேற நாட்டுல, இதுக்குன்னே இருக்கற காப்பகத்துல குடுத்து வெக்கணும். நாளைக்கு யார் கேட்டாலும் அங்கேருந்து எடுத்துக் குடுப்பாங்க. அனுப்ப எல்லாம் தயார். அதுக்குள்ள சார்..."

"ஜாதகம் கையில இருக்கு, கொழந்தைதான் இல்லன்ற மாதிரி," என்றார் ஹெர்பர்ட்.

"அதேதான் சார்."

வித்யாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அல்சூரில் ஒரு மாடி அறையில், ஹெர்பர்ட்டை உதவிக்கு வைத்துக்கொண்டு, துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் ஒரு திங்கட்கிழமை காலையில் பெட்டியோடு போனான். ஏன் போனான் என்பதை இன்றுவரை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைத் தேடத் தொடங்கித்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாள். ஊரில் உள்ளவர்களின் ரகசியமெல்லாம் கிடைத்தது. அது மட்டும் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வழக்கு வந்தால், எடுத்தது யார் என்பதை விட, இதை மட்டும் ஏன் எடுத்தார்கள் என்பதில்தான் அவள் மனது போய் நிற்கும்.

"இதுங்கள்ல எது எதுக்குச் சொந்தம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

கிருத்திகாவின் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. "மழை பெஞ்சா ஒரு மண் வாசனை வருமே, அதைக் கெளப்பறதே இந்தக் குடும்பம்தான். எழுநூறு இனத்துக்கு மேல இருக்கு. அந்தக் காலத்துல நிறத்தையும் வடிவத்தையும் வெச்சுத்தான் பிரிச்சாங்க. சாம்பல் பொடி ஒரு கூட்டம், வெள்ளைப் பொடி ஒரு கூட்டம், சுருள் சுருளா இருந்தா இன்னொண்ணு. அப்புறம் ஜீனைப் படிக்க ஆரம்பிச்சதும் எல்லாம் தலைகீழாச்சு. ஒரே நிறத்துல இருந்ததெல்லாம் வேற வேற வீடு. பாக்க ஒட்டவே ஒட்டாதது ரெண்டும் கூடப்பொறந்ததுங்க."

"எங்க சித்தப்பா கல்யாண ஃபோட்டோ மாதிரி," என்றார் ஹெர்பர்ட். "எல்லாரும் கோட்டு போட்டிருந்தாங்கன்னு எல்லாரையும் மாப்ள வீட்டுக்காரங்கன்னு நெனச்சோம். அதுல நாலு பேரு பேண்டு வாத்தியம்."

"சார் எப்பவும் ஒண்ணு சொல்வார். கண்ணால பாத்துச் சொந்தம்னும் சொல்லாத, சொந்தம் இல்லன்னும் சொல்லாதன்னு." அவள் ஒரு வரைபடத்தை நீட்டினாள். மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு பெயர். ஒரு ஓரத்தில் நீண்ட கிளை ஒன்று துணையில்லாமல் தனியாக நின்றது. அதன் நுனியில் பெயர் இல்லை. வெறும் கோடு போட்டிருந்தது.

"இதுதான் நம்மளுது. பக்கத்துச் சொந்தம்கூட ரொம்ப தூரம். பேரை மட்டும் நான் வெக்கறேன்னு சொல்லியிருந்தார். என்ன பேர்னு எனக்கே சொல்லல. கட்டுரையில அந்தப் பத்தி மட்டும் அவரோட லேப்டாப்ல இருந்தது. சாரோட பையிலயே அது அன்னிக்கே அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு."

வித்யா வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "இங்க சஹானான்னு யாராவது வேலை பாத்தாங்களா?"

"இல்லையே மேடம். ஏன்?"

"நேத்து அவர் மனைவியைப் போய்ப் பாத்தோம். கெளம்பறப்போ வாசல்ல நின்னு அதைத்தான் கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னதும் கதவைச் சாத்திட்டாங்க."

"வனஜா மேடமா? அவங்க இங்க ஒரே ஒரு தடவைதான் வந்தாங்க. சாரோட சாமான் எடுக்க. கண்ணாடி, செருப்பு, டிபன் பாக்ஸ். நான்தான் பையை ஆட்டோ வரைக்கும் தூக்கிட்டுப் போய் வெச்சேன்."

ஹெர்பர்ட் எழுந்து உலாவினார். மூலையில் ஒரு பெரிய பிரஷர் குக்கர் இருந்தது. "இங்கயும் சமையல் உண்டா?"

"பழைய குழாய்களை அதுல வேக வெச்சுட்டுத்தான் வெளியே போடுவோம் சார். பெரிய மெஷின் ரிப்பேர். இருபது நிமிஷம் வெச்சா ஒண்ணும் பொழைக்காது."

"வனஜாம்மாவுக்கு ஒரு நாளைக்குக் கடனாக் குடும்மா. நேத்து சாப்பாடு போட்டாங்க பாரு, கஞ்சி வடிச்ச சாதம். குக்கர் கருகிப்போச்சாம். வீடு பூரா ஒரு நாத்தம். எங்க வீட்டுக்காரி பெர்னதெத் சாம்பாரைத் தீய்ச்சாக்கூட அப்படி அடிக்காது."

செருப்புக்குள் மாட்டிய சிறுகல் மாதிரி எதுவோ வித்யாவை உறுத்தியது. குனிந்து எடுப்பதற்குள் கிருத்திகா பதிவேட்டைக் கொண்டுவந்துவிட்டாள்.

"திருடினவங்களைக் கண்டுபிடிக்க முடியலைன்னாலும் பரவால்ல மேடம். இந்த மண்ணு எங்கேருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. திரும்ப எடுத்து, திரும்ப வளத்துடுவேன். சார்கிட்ட எத்தனையோ தடவை கேட்டேன், சொல்லல. இதுல இருக்கறது எனக்குப் புரியல."

பதிவேட்டில் நான்கு கட்டங்கள். இடம், பயிர், ஆழம், மண்ணைக் கடைசியாகக் கிளறிய நாள். வித்யா விரலால் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோலார், ராகி, அரையடி, ஒரு மாதம் முன்பு. ஹொசகோட்டை, திராட்சை, அரையடி, ஏறக்குறைய இருபது நாள். எல்லாம் அரையடி, எல்லாம் ஏறக்குறைய.

கடைசியில் அது. ஸ்ரீராம்புரம். பயிர் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. ஆழம் மூன்றடி. மண்ணைக் கடைசியாகக் கிளறிய நாள்: 17 ஆகஸ்ட் 2003.

"ஸ்ரீராம்புரம் நான் தபால் குடுத்த பேட்டையாச்சே," என்றார் ஹெர்பர்ட் எட்டிப் பார்த்து. "அங்க துளசி நடணும்னாலே பெயிண்ட் டப்பாவுலதான் நடணும். மூணடி தோண்டறதுக்கு எடம் ஏது? தோண்டினா பக்கத்து வீட்டுக்காரன் கட்டிலு..."

பாதியில் நிறுத்தினார்.

வித்யா அதைக் கவனித்தாள். "கிருத்திகா, எந்த விவசாயியாவது இருபது வருஷத்துக்கு முன்னாடி மண்ணைக் கிளறின தேதியைச் சொல்லுவாரா?"

"போன மாசம் உழுததையே குத்துமதிப்பாத்தான் சொல்வாங்க."

"அப்ப இந்தத் தேதியை ஞாபகம் வெச்சிருந்தது மண்ணுக்காக இல்ல," என்றாள் வித்யா. "ஹெர்பர்ட், என்ன யோசிக்கறீங்க?"

"போலாம் மேடம்," என்றார் அவர். சாவியை எடுத்தார். "பாப்பா, ஐஸ் பெட்டியை எடுத்துக்கோ. கடப்பாரை வேணாம், அங்கயே இருக்கும்."

ஹெர்பர்ட்டின் பழைய ஆம்னி வேன் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டும்வரை அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அதிலிருந்தே வித்யாவுக்குப் பாதி புரிந்துவிட்டது.

ஸ்ரீராம்புரத்தில், தோள் உரசும் சந்துகளைத் தாண்டி, ஒரு நீலக் கேட்டின் முன்னால் வேனை நிறுத்தினார். உள்ளே வரிசை வரிசையாகச் சமாதிகள். குழாயடியில் ஒரு ஆள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சீனு, நல்லா இருக்கியா? மேடம் ஒரு விஷயம் கேக்கணுமாம்."

சீனு அந்த மயானத்தைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. வித்யா செல்போனில் சுப்ரமணியனின் படத்தைக் காட்டினாள்.

"மண்ணு சாரா?" சீனுவின் முகம் மலர்ந்தது. "எங்க மேடம் அவரு? ஆகஸ்ட்டு பதினேழு, சாயங்காலம் வரைக்கும் வழி பாத்துனு இருந்தேன். ஒரு வருஷங்கூட விட்டதில்ல."

"தவறிட்டார்."

சீனு குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குச் சொல்ல ஆளு இல்ல பாரு," என்று ஹெர்பர்ட்டிடம் சொன்னார். அப்புறம் மற்றவர்களுக்கு முன்னால் நடந்தார்.

"அது பொறக்கறப்பவே மூச்சு இல்ல. பொம்பளப் புள்ள. வெள்ளத் துணியில சுத்தி சாரே தூக்கினு வந்தாரு. எங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, அன்னிக்கு நாந்தான் தோண்டினேன். எனக்கு மொதக் குழி. கொழந்தைங்கள எரிக்க மாட்டாங்க இல்ல. மூணடி தோண்டுடா, நாய் கிளறக் கூடாதுன்னாரு எங்கப்பா. பாதில நின்னுட்டேன். சார்தான் கடசில மண்வெட்டிய வாங்கி மீதியத் தோண்டினாரு."

"அவர் மனைவி வந்தாங்களா?"

"பெத்தவளக் கூட்டினு வருவாங்களா மேடம்? ஆஸ்பத்திரில மயக்கமா இருந்தாங்களாம். அதுக்கப்புறமும் சார் ஒண்டியாத்தான் வருவாரு. ஒரு வருஷம் கேட்டேன், வீட்லயும் கூட்டினு வாங்க சார்னு. அவ மறந்துட்டா சீனு, மறந்தபடியே இருக்கட்டும்னாரு."

சுற்றுச்சுவரின் ஓரத்தில் போய் நின்றார் சீனு. அங்கே சமாதி எதுவும் இல்லை. அகலமான சிமெண்ட் கால்வாய் ஒன்று, மேலே பலகைக் கல் போட்டு மூடி, சுவர் நீளத்துக்கும் போனது.

"இங்கதான் கொழந்தைங்க வரிசை. மூணு வருஷத்துக்கு முன்னாடி கால்வாய் கட்ட ஜேசிபி வந்துச்சு. சாருக்கு நாந்தான் போன் பண்ணேன். ஓடி வந்தாரு. ஷூ, பேண்ட்டோட பள்ளத்துல எறங்கினாரு. ஒண்ணும் இல்ல மேடம் அங்க. அத்தினி வருஷம், அத்தினூண்டு ஒடம்பு. எல்லாம் மண்ணாய்டுச்சு. ரெண்டு கை மண்ணு அள்ளி ஒரு கவர்ல போட்டுக்கினாரு. டிரைவர் கத்தறான். சார் மெதுவா முடிச்சுப் போட்டுனு வந்தாரு."

கிருத்திகா ஐஸ் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு கால்வாயை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். ஒரு கை மண் எடுக்க இடமில்லை.

"அந்த பாக்டீரியா குழந்தைகிட்டருந்து வந்தது இல்ல மேடம்," என்றாள். யாரோ குற்றம் சாட்டியதுபோல அவசரமாகச் சொன்னாள். "மண்ணுல எப்பவும் இருக்கறதுதான். யாரும் மூணடிக்குக் கீழ தேடாததால இதுவரைக்கும் தெரியாம இருந்தது. அவ்வளவுதான்."

"அது அவருக்குத் தெரியாதா?"

"எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தான்."

சீனு கால்வாய்க் கல்லின் மேல் கிடந்த ஒரு சருகைக் காலால் தள்ளினார். "பேரு வெக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டா பேரு கெடையாது. எங்க புக்குல 'பெண் குழந்தை'ன்னுதான் போட்டிருக்கோம். ஆனா சார் ஒரு பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. நான் அப்பால போய்டுவேன். காத்து அடிச்சா காதுல விழும்."

"என்ன பேர்?" என்று கேட்டாள் வித்யா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சஹானா."

வேனில் ஏறினார்கள். ஹெர்பர்ட் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஜாதகம் கையில இருக்கு, கொழந்தைதான் இல்லன்னு சொன்னேன்," என்றார். "என் வாய்ல..."

"உங்களுக்குத் தெரியாது ஹெர்பர்ட்." வித்யா பின்பக்கம் திரும்பினாள். "கிருத்திகா, அன்னிக்கு வனஜா மேடத்தோட பையைத் தூக்கிட்டுப் போனேன்னு சொன்னீங்களே. கனமா இருந்ததா?"

"அவ்வளவா இல்ல. அடியில ஜில்லுனு இருந்தது. தண்ணி பாட்டில்னு..."

கிருத்திகாவின் கை வாய்க்குப் போனது. சுப்ரமணியன் வாட்டர் பாட்டிலை ஃப்ரீஸரில் வைப்பவர் அல்ல. ஆய்வுக்கூட ஃப்ரீஸரில் குடிக்கிற தண்ணீரை வைத்ததற்காக அவளை ஒரு வாரம் திட்டியவர்.

"குக்கர்," என்றார் ஹெர்பர்ட் மெல்ல.

சிறுகல்லை வித்யா இப்போது கையில் எடுத்துவிட்டாள். அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. இறந்துபோன ஒருவனின் லேப்டாப்பை அவன் மனைவி திறக்கிறாள். தெரியாத ஒரு பெண்ணின் பெயர். பெயர், அதன் பக்கத்தில் இருக்கும் பிரியம், அதை மறைத்து வைத்த விதம். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? அந்த இடத்தில் நாம் இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்பது வருடமாக அவளும் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் ஒருவனை வகைப்படுத்தி வைத்திருக்கிறாள்.

"வனஜா மேடம் வீட்டுக்குப் போங்க," என்றாள்.

வனஜா கதவைத் திறந்தாள். ஐம்பத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு, நேர்த்தியாக வாரிய தலை. கிருத்திகாவைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"நேத்து எல்லாம் கேட்டாச்சே. இன்னும் என்ன?"

"உங்க குக்கரைப் பாக்கலாமா?" என்றாள் வித்யா.

வனஜா வழியை விட்டு விலகி நின்றாள். ஹெர்பர்ட் பின்கட்டுக்குப் போனார். வனஜா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள், தானே விசாரணை நடத்தப்போகிறவள்போல.

"இருபத்தஞ்சு வருஷம் அவரோட குடும்பம் நடத்தியிருக்கேன். எப்படி வேக வெச்சா சாகும்னு எனக்குத் தெரியாதா? இருபது நிமிஷம் போதும். நான் தண்ணி வத்தற வரைக்கும் வெச்சேன்." கிருத்திகாவைப் பார்த்தாள். "உன் மேல கோபம் இல்லம்மா. உன் படிப்பு போச்சுன்னா அதுக்கு என்ன பரிகாரமோ பண்றேன். ஆனா அந்தப் பேர் உலகத்துல நிக்கக் கூடாது."

"என்ன எழுதியிருந்தார்?" என்றாள் வித்யா.

வனஜாவுக்குப் பார்க்காமலே சொல்ல வந்தது. "என்னோடு வாழாமல் போன சஹானாவுக்கு. அவ்வளவுதான். ஒரு வரி. எனக்கு ஒரு பொறந்தநாள் கார்டுல ரெண்டு வரி எழுதினதில்ல அந்த மனுஷன். மழை வந்தா ஜன்னல்கிட்டப் போய் நிப்பார். கூப்பிட்டா காதுல விழாது. இப்பத்தானே புரியுது, யாரை நெனச்சிட்டு நின்னார்னு."

"மேடம்," என்றாள் கிருத்திகா. வித்யா அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

எத்தனையோ வீடுகளில், எத்தனையோ கூடங்களில், உண்மையைச் சொல்லியிருக்கிறாள் வித்யா. சொல்வதற்கு முன்னால் எப்போதும் ஒரு நொடி வரும். அந்த நொடி வரைக்கும் எதிரில் இருப்பவர்களுக்கு ஒரு வாழ்க்கை. அதற்கப்புறம் வேறு. கோபமாவது கையில் பிடித்துக்கொள்ள ஒரு பிடி. அதைப் பிடுங்கிவிட்டு என்ன கொடுக்கப் போகிறோம்?

"ரெண்டாயிரத்து மூணு, ஆகஸ்ட் பதினேழு," என்றாள்.

வனஜா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அந்தத் தேதியை இந்த வீட்டுல யாரும் சொல்றதில்ல," என்றாள்.

"அந்த மண் எங்கேருந்து எடுத்ததுன்னு தெரிஞ்சுது. ஸ்ரீராம்புரத்துலேருந்து. மூணடி ஆழத்துலேருந்து."

"ஸ்ரீராம்புரமா?" அந்தப் பெயரை வனஜா புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "எங்க வெச்சாங்கன்னு எனக்குச் சொல்லவே இல்ல. கேக்கக் கூடாதுன்னாங்க."

"வருஷா வருஷம் போயிருக்கார். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினேழும். அங்க இருக்கறவர்கிட்டப் பேசிட்டுத்தான் வர்றோம். பேர் சொல்லிக் கூப்பிடுவாராம்."

வித்யா அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அது அந்தக் கூடத்தில் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்கொண்டு வந்து வனஜாவிடம் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கையில குடுக்கவே இல்ல," என்றாள் வனஜா. குரல் சாதாரணமாக இருந்தது. "பாத்தா மறக்க முடியாதுன்னு என் மாமியார் காட்ட விடல. ஊசி போட்டாங்க. எந்திரிச்சப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. நாலு நாள் பால் கட்டிக்கிட்டு ஜுரம். அவர் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். மறந்துட்டார்னு நெனச்சேன். ஆம்பளைங்களுக்கு ஈஸி, மறந்துட்டார்னு."

"நீங்க மறந்துட்டீங்கன்னு அவர் நெனச்சிட்டிருந்தார்."

வனஜா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். பின்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"நான் வேக வெச்சுட்டேனே," என்றாள். "தண்ணி வத்தற வரைக்கும்."

கிருத்திகா அழுதுகொண்டிருந்தாள். ஆய்வேட்டுக்காக அழவில்லை என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. வித்யா எழுந்து வனஜாவின் பக்கத்தில் போய் நின்றாள். தோளில் கை வைக்கலாமா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகில் வைத்தாள்.

ஹெர்பர்ட் வாசற்படியில் தோன்றினார். கையில் கரிபிடித்த குக்கர்.

"மன்னிச்சுக்கங்கம்மா. முப்பது வருஷத் தபால்காரன் கை, எண்ணாம இருக்காது." அவர் வனஜாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அடியில உருகினதையும் சுரண்டிப் பாத்துட்டேன். நீல மூடி இருபத்து மூணுதான் இருக்கு."

கிருத்திகா நிமிர்ந்தாள்.

"வழியில விழுந்திருந்தா விழுந்திருக்கட்டும்," என்றார் ஹெர்பர்ட். "ஆனா நீங்க சாமானைச் சிந்தறவங்க மாதிரித் தெரியல."

வனஜா எழுந்தாள். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தாள், அப்புறம் சுவரை, அப்புறம் சமையலறை நிலையை. ஃப்ரிட்ஜின் மேல் கதவைத் திறந்து, பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் கையை விட்டாள்.

"ஒண்ணை வெச்சிருந்தேன்," என்றாள். "அந்தப் பொண்ணு என்னிக்காவது வந்து நின்னா, மூஞ்சியில விட்டெறியணும்னு."

குழாய் அவள் உள்ளங்கையில் இருந்தது. சுண்டுவிரலில் பாதி. நீல மூடி, உள்ளே சாம்பல் படிந்த பனி.

"உயிரோட இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும் மேடம். இந்தக் குடும்பம் லேசுல சாகாது. வீட்டு ஃப்ரீஸர் போதும்." கிருத்திகா ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து நீட்டினாள். "உடனே இதுல வெச்சுட்டா நல்லது. உருகிடுச்சுன்னா கஷ்டம்."

வனஜா கொடுக்கவில்லை. விரல்களை மூடிக்கொண்டாள். இன்னொரு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுமா?"

கிருத்திகா வித்யாவைப் பார்த்தாள். மூன்று வாரம், ஐந்து வருடம், ஒரே ஒரு குழாய். அது வித்யா தீர்ப்புச் சொல்லக்கூடிய வழக்காக இல்லை. கிருத்திகா திறந்த பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

ஹெர்பர்ட் குக்கரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

வனஜா சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். மூடிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கால் லேசாக ஆடியது, இடமும் வலமுமாக, அவளுக்குத் தெரியாமலே. வெளியே யார் வீட்டிலோ மிக்ஸி ஓடி நின்றது. அவள் விரலிடுக்கில் ஒரு சொட்டு ஈரம் துளிர்த்தபோது, அவளே முழங்காலை நிறுத்தினாள்.

"அதுக்குச் சூடு ஆகாது," என்றாள். "எடுத்துக்கோ."

குழாய் ஐஸுக்குள் இறங்கியது. கிருத்திகா மூடியை அழுத்திச் சாத்தினாள்.

"ரெண்டு நாட்டுல வெப்பாங்கன்னு சொல்வாரே, அங்கெல்லாம் இது எத்தனை வருஷம் இருக்கும்?"

"அவங்க இருக்கற வரைக்கும் மேடம். நமக்கப்புறமும் இருக்கும்."

"யார் வேணாலும் கேக்கலாமா? நான் கேட்டா குடுப்பாங்களா?"

"பேர் சொல்லிக் கேட்டா குடுப்பாங்க."

வனஜா தலையாட்டினாள். ஈரக் கையைப் புடவையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். பிறகு, வாசலில் விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிட அழைக்கிற குரலில், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தன் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.